பேஸ்பால் சீசனின் கடைசி நாள்: முன்னோட்டத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

முதலில் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். இரண்டு ஆண்டுகளாக அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலைத் தொடர்ந்து பார்க்கிறீர்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறன்று 15 ஆட்டங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அன்று காலையில் வரும் முன்னோட்டங்களோ "இந்த அணி வென்று அந்த அணி தோற்றால்" என்ற வாக்கியங்களால் தலையைச் சுற்ற வைக்கின்றன. அவற்றில் எதை நம்பலாம், எந்த ஆட்டத்தை விழித்திருந்து பார்க்கலாம், ரன் வித்தியாசத்துக்கு ஏதும் மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் தனித்தனியான இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்த ஆட்டத்தில் என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, அதில் யார் வெல்வார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐயமே இல்லாத விடை உண்டு. இரண்டாவதற்கு மிகவும் மங்கலான விடைதான் உண்டு. எழுதுபவர்கள் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடுவதால்தான் படிப்பவருக்குக் குழப்பம் வருகிறது.

அமெரிக்காவில் ஒரு சிறிய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 14 ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தேன். மறுநாள் ஆட்டங்களின் முன்னோட்டத்தை எழுதுவது என் பொறுப்பு. யார் வெல்வார் என்று கணிப்பதில் நான் சிறந்து விளங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரி கணக்கு, எந்த வரி ஊகம் என்று பிரித்துப் பார்க்க அந்த வேலை கற்றுக்கொடுத்தது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். டிரா என்ற பேச்சே கிடையாது. முன்னால் இருக்கும் அணியின் மேஜிக் நம்பரை, அதாவது இடம் உறுதியாக இன்னும் எவ்வளவு தேவை என்ற எண்ணைக் கண்டுபிடிக்க, 163-இலிருந்து அதன் வெற்றிகளையும் துரத்தி வரும் அணியின் தோல்விகளையும் கழித்தால் போதும். 2011 செப்டம்பர் 3 அன்று ஆட்டங்கள் முடிந்தபோது பாஸ்டன் ரெட் சாக்ஸ் 84 வெற்றி, 54 தோல்வி. டாம்பா பே ரேஸ் 75 வெற்றி, 63 தோல்வி. இருவருக்கும் இடையே 9 ஆட்ட இடைவெளி, இருவருக்கும் மிச்சம் 24 ஆட்டங்கள். 163-இலிருந்து 84-ஐயும் 63-ஐயும் கழித்தால் 16. அதாவது, மீதமுள்ள நாட்களில் பாஸ்டனின் வெற்றிகளும் டாம்பாவின் தோல்விகளும் சேர்ந்து 16 ஆகிவிட்டால் பாஸ்டன் பிளேஆஃப் எனும் கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போய்விடும். 24 ஆட்டங்களில் பாஸ்டன் பாதியை வென்று, டாம்பாவும் பாதியைத் தோற்றால்கூட 24 வந்துவிடும். தேவையோ 16 மட்டுமே. அன்று பாஸ்டன் போய்விடும் என்று எழுதாதவர் எவருமில்லை, நானும் எழுதினேன். அதன் பிறகு பாஸ்டன் 6 வென்று 18 தோற்றது, டாம்பா 16 வென்று 8 தோற்றது. ஆறும் எட்டும் பதினான்கு. இரண்டு குறைந்துவிட்டது.

அந்த இரண்டு எங்கே குறைந்தது என்பதுதான் 2011 செப்டம்பர் 28, புதன்கிழமை இரவின் கதை. முன்னோட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான நாளை நான் பார்த்ததில்லை. மேஜர் லீகுக்குள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீகுகள். அப்போது ஒவ்வொரு லீகிலும் மூன்று பிரிவுகளின் முதலிட அணிகளோடு ஒரே ஒரு வைல்டு கார்டு அணிதான் (முதலிடம் கிடைக்காதவற்றில் அதிகம் வென்ற அணி) பிளேஆஃபுக்குப் போகும். கடைசி நாள் விடிந்தபோது அமெரிக்கன் லீகில் பாஸ்டனும் டாம்பாவும் 90-71 என்று சமமாக நின்றன. நேஷனல் லீகில் அட்லாண்டா பிரேவ்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் 89-72 என்று சமமாக நின்றன. பாஸ்டன் பால்டிமோரில் ஓரியோல்ஸோடும், டாம்பா தன் சொந்த மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸோடும், அட்லாண்டா தன் மைதானத்தில் பிலடெல்பியா பில்லீஸோடும், செயின்ட் லூயிஸ் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோஸோடும் மோதவிருந்தன.

அன்று மதியம் ஒரு மஞ்சள் தாளில் லீகுக்கு நான்கு கட்டங்கள் வரைந்தேன். நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். மேலே பாஸ்டன் வெற்றி, பாஸ்டன் தோல்வி. பக்கவாட்டில் டாம்பா வெற்றி, டாம்பா தோல்வி. ஒரு கட்டத்தில் பாஸ்டன் உள்ளே, ஒரு கட்டத்தில் டாம்பா உள்ளே, மற்ற இரண்டிலும் சமநிலை. அக்கால விதிப்படி சமநிலை என்றால் மறுநாள் 163-ஆவது ஆட்டம் ஒன்று ஆடித் தீர்க்க வேண்டும். ஆட்டங்களை நாணயம் சுண்டுவதைப் போலச் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், பாஸ்டன் நேராகப் போவதற்குக் கால் பங்கு, டாம்பா நேராகப் போவதற்குக் கால் பங்கு, மறுநாள் ஆட்டத்துக்குப் பாதி வாய்ப்பு. மற்ற லீகிலும் அப்படியே. இரண்டு லீகையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்தது ஒரு 163-ஆவது ஆட்டமாவது நடக்க நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. எனவே "இன்றிரவோடு இது முடிய வாய்ப்புக் குறைவு" என்று எழுதினேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் இரவு முடிந்தபோது இரண்டு லீகும் தீர்ந்திருந்தன. 163-ஆவது ஆட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ளது நான்கு முறைக்கு ஒரு முறை நடக்கத்தான் செய்யும். அதற்காக நான் எழுதியதைத் தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரிபாதி என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், பலம் பலவீனம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் கிரிக்கெட் ரசிகர் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. சீசனில் 100 ஆட்டம் வெல்லும் அணி மிகச் சிறந்த அணி. அதன் வெற்றி விகிதம் 62 சதவீதம்தான். 100 ஆட்டம் தோற்கும் படுமோசமான அணியும் பத்துக்கு ஏறக்குறைய நான்கு ஆட்டங்களை வெல்கிறது. சொந்த மைதானத்தில் ஆடும் அணி நீண்டகால சராசரியில் நூற்றுக்கு 54 அளவில் வெல்கிறது. இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தாலும், ஒரு தனி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்புச் சொல்வது அரிது. இதைத் தாண்டி உறுதியாகப் பேசும் முன்னோட்டத்தைக் கண்டால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அந்த மூன்றில் இரண்டு பங்கை எட்ட வைக்கக்கூடிய ஒரே தகவல், அன்று முதலில் எறிய வரும் பிட்சர் யார் என்பது. ஓர் அணியில் ஐந்து பேர் சுழற்சி முறையில் தொடக்கப் பிட்சர்களாக வருவார்கள். ஒருவர் எறிந்தால் வழக்கமாக நான்கு நாள் ஓய்வு. கடைசி நாளில் யாருடைய முறை விழுகிறது என்பது பாதி அதிர்ஷ்டம், பாதி மேனேஜரின் திட்டம். செயின்ட் லூயிஸுக்கு அன்று கிறிஸ் கார்ப்பென்டர். எதிரே அந்த ஆண்டு 106 ஆட்டங்கள் தோற்ற ஹூஸ்டன். நான்கு ஆட்டங்களில் நான் துணிந்து சாய்வு சொன்ன ஒரே ஆட்டம் அதுதான், அது பலித்தது: கார்ப்பென்டர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸையும் தாமே எறிந்து இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) கொடுத்தார், 8-0. பாஸ்டன் ஜான் லெஸ்டரை மூன்றே நாள் ஓய்வில் அனுப்பியது. நான்கு நாட்களுக்கு முன் நியூயார்க்கில் மூன்று இன்னிங்ஸ்கூட முடிக்காமல் அடி வாங்கியவர். அவர் களைத்துப்போவார் என்பதுதான் என் முன்னோட்டத்தின் முதல் வரி. அவரோ ஆறு இன்னிங்ஸ் எறிந்து இரண்டு ரன் மட்டும் கொடுத்தார். டாம்பாவின் சிறந்த பிட்சர் டேவிட் பிரைஸ் கைகொடுப்பார் என்று எழுதியிருந்தேன். இரண்டாவது இன்னிங்ஸிலேயே யாங்கீஸின் மார்க் டெஷேரா அவர் பந்தில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும், நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அடித்துவிட்டார். தொடக்கப் பிட்சர் பற்றிய தகவல் உண்மையானது, பயனுள்ளது. ஆனால் ஒரே ஒரு இரவுக்கு அது தரும் உத்தரவாதம் இவ்வளவுதான்.

அதற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது கடைசி இன்னிங்ஸ்களை எறிபவர்களின் களைப்பு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் பணிச்சுமை பற்றிப் பேசுவதைப் போன்றது இது. அட்லாண்டாவின் ஜானி வென்டர்ஸ் அந்த சீசனில் 85 ஆட்டங்களிலும், குளோசர் (முன்னிலையைக் காக்கக் கடைசியில் எறிய வருபவர்) கிரெய்க் கிம்ப்ரெல் 79 ஆட்டங்களிலும் எறிந்தார்கள். எண்ணிக்கை உறுதியானது. அந்த உழைப்பு தோளில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. கிம்ப்ரெல் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையைக் காக்க வந்து தவறவிட்டார். பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஹன்டர் பென்ஸின் ஹிட்டில் பில்லீஸ் 4-3 என்று வென்றது. களைப்பால்தான் தவறினார் என்று மறுநாள் பலர் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் களைப்பே இல்லாத குளோசர்களும் நல்ல நாளில் தவறுகிறார்கள். ஓர் இரவை வைத்துக் காரணம் சொல்ல நான் துணிய மாட்டேன்.

முன்னோட்டங்களில் அதிகம் ஏமாற்றுவது எதிரணியின் மனநிலை பற்றிய பத்தி. "ஏற்கெனவே தகுதி பெற்ற அணி அலட்சியமாக ஆடும்", "வெளியேறிய அணிக்கு எதுவும் மிச்சமில்லை" என்ற இரண்டு வாக்கியங்களும் ஒவ்வோர் ஆண்டும் வரும். யாங்கீஸ் பிரிவை முன்பே வென்றுவிட்டதால், டெலின் பெட்டான்சஸ் என்ற இளைஞரைத் தொடக்கப் பிட்சராக இறக்கி, பின்னர் ஒருவர் மாற்றி ஒருவராக அனுப்பியது. அதன் குளோசர் மரியானோ ரிவேரா அன்று எறியவே இல்லை. பெட்டான்சஸின் பெயரைப் பார்த்ததுமே டாம்பாவுக்கு எளிது என்று பலர் எழுதினார்கள். அந்த ஒப்புக்கு இறக்கிய பிட்சர்களுக்கு எதிராக டாம்பா முதல் ஏழு இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. யாங்கீஸ் 7-0 என்று முன்னால் இருந்தது. பில்லீஸும் பிரிவை எப்போதோ வென்ற அணிதான். ஆனால் 13 இன்னிங்ஸ் போராடித் தங்கள் 102-ஆவது வெற்றியை எடுத்தார்கள். 93 ஆட்டங்கள் தோற்று கடைசி இடத்தில் கிடந்த ஓரியோல்ஸ், அந்த இரவையும் சேர்த்து, பாஸ்டனோடு ஆடிய கடைசி ஏழு ஆட்டங்களில் ஐந்தை வென்றது. தனக்குப் பிளேஆஃப் இல்லையென்றாலும், தன் பிரிவின் பணக்கார அணியை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆகையால் எதிரணி யாரை இறக்குகிறது என்ற பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். எந்த மனநிலையில் இறங்குகிறது என்ற வருணனையைத் தாண்டிச் செல்லுங்கள்.

பால்டிமோரில் பாஸ்டன் 3-2 என்று முன்னால் இருந்தபோது ஏழாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் 86 நிமிடம் நின்றது. டாம்பா 7-0 பின்னால் என்றதும் என் மஞ்சள் தாளில் டாம்பா வெல்லும் இரண்டு கட்டங்களையும் பென்சிலால் குறுக்கே அடித்துவிட்டேன். அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, பாஸ்டன் உள்ளே என்ற தலைப்பும், மறுநாள் 163-ஆவது ஆட்டம் என்ற தலைப்பும் மட்டும் தயாராக இருந்தன. பிறகு எட்டாவது இன்னிங்ஸில் டாம்பா ஆறு ரன் எடுத்தது; அதில் மூன்று எவான் லாங்கோரியாவின் ஹோம் ரன். ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக், அந்த ஆண்டு .108 சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 108 ஹிட்) மட்டுமே வைத்திருந்த டான் ஜான்சன் மாற்று பேட்டராக வந்து ஹோம் ரன் அடித்து 7-7 ஆக்கினார். பால்டிமோரில் பாஸ்டனின் குளோசர் ஜோனதன் பேப்பல்பான் முதல் இருவரை வெளியேற்றிவிட்டு நின்றார். அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களில் பாஸ்டன் ஒன்றைக்கூடத் தோற்றதில்லை. ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் ஒரு டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகும் ஹிட்), நோலன் ரைமோல்ட் ஒரு டபுள், சமநிலை. ராபர்ட் ஆண்டினோ இடப்பக்கம் தாழ்வாக அடித்த பந்தைப் பாய்ந்து பிடிக்க முயன்ற கார்ல் கிராஃபோர்டின் கையுறையிலிருந்து அது நழுவியது. கிராஃபோர்ட் அதற்கு முந்தைய ஆண்டு வரை டாம்பாவுக்கு ஆடியவர். ஓரியோல்ஸ் 4-3. மூன்றே நிமிடத்தில், நள்ளிரவு 12:05-க்கு, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் லாங்கோரியா இடப்பக்கத் தாழ்ந்த சுவரைத் தாண்டி அடித்தார், டாம்பா 8-7. நான் குறுக்கே அடித்திருந்த கட்டங்களில் ஒன்றுதான் விடையாக வந்தது. அந்த ஆண்டு கோப்பையை வென்றது, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பத்தரை ஆட்டம் பின்தங்கியிருந்த செயின்ட் லூயிஸ்.

இனி இன்றைய விதி, ஏனென்றால் நீங்கள் பார்க்கும் கடைசி நாள் 2011 போன்றதல்ல. 2022 முதல் ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகள் போகின்றன: மூன்று பிரிவு வெற்றியாளர்கள், மூன்று வைல்டு கார்டு. அதோடு 163-ஆவது ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். சமநிலை என்றால் அந்த இரு அணிகளும் சீசனில் தங்களுக்குள் மோதியதில் யார் அதிகம் வென்றார்களோ அவர்களுக்கே இடம். இதனால் மேஜிக் நம்பர் கணக்கு சற்று மாறுகிறது: நேருக்கு நேர் மோதலில் முந்திய அணிக்கு 163-க்குப் பதிலாக 162-இலிருந்து கழிக்க வேண்டும். பல முன்னோட்டங்கள் இந்த ஓர் எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. 2025 செப்டம்பர் 28 காலையில் நியூயார்க் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83-78 என்று சமம். ஆனால் நேருக்கு நேர் மோதிய ஆறில் நான்கை ரெட்ஸ் வென்றிருந்தது. ரெட்ஸுக்கு 162-இலிருந்து 83, 78 போக 1. மெட்ஸுக்கு 163-இலிருந்து அதே இரண்டும் போக 2. அட்டவணையில் ஒரே வரிசையில் நின்ற இரண்டு அணிகளின் நிலை உண்மையில் சமமே இல்லை. பழைய நான்கு கட்டங்களில் மூன்று ரெட்ஸின் பக்கம், ஒன்று மட்டும் மெட்ஸின் பக்கம். அன்று ரெட்ஸ் மில்வாக்கியில் தோற்றது, மெட்ஸ் மயாமியில் 4-0 என்று தோற்றது; இருவரும் 83-79, ரெட்ஸ் உள்ளே. தோற்றும் உள்ளே போகலாம் என்பது உங்களுக்கு வியப்பாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வாய்ப்பு காலையிலேயே தாளில் இருந்தது.

உள்ளே வெளியே என்பது மட்டுமே பணயமல்ல. அதே நாளில் டொராண்டோ புளூ ஜேஸும் யாங்கீஸும் 93-68 என்று சமமாக நின்றன; இரண்டும் ஏற்கெனவே பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றவை. இப்போது ஒவ்வொரு லீகிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் பிரிவு வெற்றியாளர்கள் முதல் சுற்றை ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும். அந்த நாள் தீர்மானித்தது இந்த ஓய்வைத்தான். இரண்டும் வென்றன, நேருக்கு நேர் கணக்கில் முந்திய டொராண்டோ பிரிவைப் பெற்றது, யாங்கீஸ் முதல் சுற்றில் பாஸ்டனோடு மூன்று ஆட்டமும் ஆடிப் பிட்சர்களைச் செலவழித்துவிட்டுத்தான் டொராண்டோவிடம் வந்தது. இவற்றோடு தனிநபர் பட்டங்களும் உண்டு. 2011-இன் அதே கடைசி நாளில் பேட்டிங் பட்டத்துக்கு முன்னணியில் இருந்த ஹோசே ரெயஸ் முதல் இன்னிங்ஸில் பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது) ஒன்றை அடித்து ஹிட் எடுத்துவிட்டு, சராசரி குறையாமல் இருக்க ஆட்டத்திலிருந்தே வெளியேறினார். பட்டம் கிடைத்தது, ரசிகர்களின் கூச்சலும் கிடைத்தது.

விழித்திருப்பது பற்றி: கடைசி நாள் ஆட்டங்கள் அங்கே கிழக்கு நேரப்படி மாலை மூன்று மணியை ஒட்டித் தொடங்கும், இந்தியாவில் அது நள்ளிரவு 12:30-ஐத் தாண்டியிருக்கும். முந்தைய நாள் ஆட்டங்கள் முடிந்ததும் புள்ளி அட்டவணையை எடுத்துக் கட்டங்களை வரையுங்கள். எந்த ஆட்டத்தின் முடிவு மாறினால் கட்டத்தில் உள்ள பெயர் மாறுகிறதோ அதுவே பார்க்க வேண்டிய ஆட்டம். எப்படி முடிந்தாலும் பெயர் மாறாது என்றால் எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் விட்டுவிடலாம். பதினைந்தில் பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். அவற்றில் தொடக்கப் பிட்சர்களின் பெயரைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றின் ஸ்கோரை மட்டும் திறந்து வையுங்கள்.

கடைசியாக, ரன் வித்தியாசம் பற்றிய உங்கள் ஐயம். கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட்டுக்கு இணையான எதுவும் இந்த விதிகளில் இல்லை. நேருக்கு நேர் கணக்கும் சமமாக இருந்தால், அடுத்ததாகத் தன் பிரிவுக்குள் ஆடிய ஆட்டங்களின் வெற்றி தோல்வியைப் பார்ப்பார்கள். அப்போதும் ரன்களை எண்ண மாட்டார்கள். 2025-இன் அந்தக் கடைசி நாளில் டொராண்டோ 13-4 என்று வென்றதும் யாங்கீஸ் 3-2 என்று வென்றதும் அட்டவணையில் ஒரே ஒரு வெற்றியாகத்தான் ஏறின. ஆகவே பெரிய முன்னிலையில் இருக்கும் அணி எட்டாவது இன்னிங்ஸில் தன் முக்கிய வீரர்களை உட்கார வைத்தால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். இரண்டு நாளில் தொடங்கவிருக்கும் அடுத்த சுற்றுக்காக அவர்களைப் பத்திரப்படுத்துகிறார்கள்.